படத்தைச் சுருக்கும் முன்

சுடுகாட்டுப் பாதையை முள்வேலி போட்டு மறித்தால், காலனிக் குடிநீர்க் குழாயை உடைத்தால், அதை ஊர்ப் பிள்ளைகளே படமெடுத்து எங்கள் தளத்தில் ஏற்ற வேண்டும் என்று முடிவெடுத்தோம். இன்றைய போனில் எடுக்கும் 12 மெகாபிக்சல் படம் ஒன்று 3, 4 எம்.பி. வரும். தோவாளை மலையடிவாரத்தில் நின்று அதை ஏற்றிப் பாருங்கள். "அக்கா, பாதியிலயே நிக்கி, ஏற மாட்டேங்கு" என்று போன் வரும்.

அப்போதுதான் படத்தைச் சுருக்கும் கருவியைத் தேடினோம். இமேஜ்மேஜிக் 1990 முதல் இருக்கிறது, எந்த வடிவப் படத்தையும் கையாளும். 2016இல் அதில் 'இமேஜ்ட்ராஜிக்' என்ற ஓட்டை வெளியானது. விஷமமாகத் தயாரித்த ஒரு படத்தை ஏற்றியே சர்வரைக் கைப்பற்றலாம் என்ற நிலை. அது அடைக்கப்பட்டுவிட்டது. எங்களுக்கு இடித்தது வேறொன்று. சர்வரில் சுருக்குவதென்றால் முழுப்படமும் முதலில் அங்கே வந்து சேர வேண்டும். வேர்ட்பிரஸ் பெரிய படத்தைச் சுருக்கித்தான் காட்டுகிறது, மூலப்படமோ சர்வரிலேயே கிடக்கிறது.

மூலப்படத்துக்குள் எக்ஸிஃப் என்ற குறிப்பு உண்டு. லொக்கேஷன் போட்டு எடுத்திருந்தால் அட்சரேகை, தீர்க்கரேகை வரை அதில் இருக்கும். 2012இல் தலைமறைவாக இருந்த ஜான் மெக்காஃபி குவாத்தமாலாவில் இருப்பதை, ஒரு பத்திரிகை வெளியிட்ட படத்தின் எக்ஸிஃப்தான் காட்டிக்கொடுத்தது. அவர் கோடீஸ்வரர். புகார் கொடுத்த நம் வீட்டுப் பெண் எங்கே ஓடுவாள்? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவரையும் சாட்சியையும் மிரட்டலிலிருந்து காக்கும் கடமையை அரசுக்கு விதிக்கிறது. அவர்கள் வீட்டுக்கு நாமே வழிகாட்டிவிடக் கூடாது.

ஆகவே பிரவுசரிலேயே, படம் போனை விட்டுக் கிளம்பும் முன்பே, நீளப்பக்கம் 1600 பிக்சலாகச் சுருக்கும் முறையைத் தேர்ந்தோம். பிக்சல்கள் ஆறில் ஒரு பங்காகக் குறையும். படம் கேன்வாஸில் புதிதாக வரையப்படுவதால் எக்ஸிஃப் கூட வராது.

"இடமே இல்லாத படம் கோர்ட்டுல நிக்குமா?" என்று எங்களில் ஒருவர் மடக்கினார். நியாயமான கேள்வி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும். சுருக்கிய படத்தின் ஹாஷ் வேறு, மூலப்படத்தின் ஹாஷ் வேறு. அதனால் மூலப்படத்தை அழிக்காதீர்கள், வெட்டாதீர்கள் என்று சொல்லிவைக்கிறோம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அதுவும் சுருக்கிவிடும். நாங்களே நேரில் போய் ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, அன்றே ஹாஷ் குறித்துக்கொள்கிறோம். பெட்ரோல் செலவுதான்.

முகத்தை எந்தச் சுருக்கமும் மறைக்காது. 1600 பிக்சலில் வண்டி நம்பரைக்கூட வாசிக்கலாம். அதற்கு ஒருவர் உட்கார்ந்து, ஒவ்வொரு படமாகப் பார்த்து மறைத்த பிறகே வெளியிடுகிறோம்.

விண்ணப்பம் போடும் தம்பி தங்கைகளுக்கும் இது பொருந்தும். ஐபிபிஎஸ் புகைப்படத்தை 20 முதல் 50 கே.பி.க்குள் கேட்கிறது. அதற்காகப் பெயர் தெரியாத தளங்களில் படத்தை ஏற்றுகிறார்கள், அதே பழக்கத்தில் சாதிச் சான்றிதழையும் ஏற்றிவிடுகிறார்கள். படங்களுக்கு ஸ்குவூஷ் இருக்கிறது. இலவசம், பிரவுசருக்குள்ளேயே வேலை செய்யும், படம் உங்கள் போனிலேயே இருக்கும்.