ஆழாக்குப் பயம்

ராத்திரி கரண்ட் போய்விட்டால் பெரியப்பா மகன் பயம் அளக்க உட்கார்ந்துவிடுவான். எங்கள் கூட்டத்துக்கே மூத்த அண்ணன். எதிர்த்துப் பேச முடியாது. திண்ணையில் எங்களை வரிசையாக உட்காரவைப்பான். மளிகைக்கடைக் காகிதப் பையை ஊதி, வாயைத் திருகிப் பிடித்துக்கொண்டு பின்னால் பூனை மாதிரி நடப்பான். யார் காதுக்கு என்று தெரியாது. திடீரென்று ஒரு அறை, டொப்! அரிக்கேன் விளக்கை எங்கள் முகத்தருகே பிடித்திருப்பவன்தான் கணக்கப்பிள்ளை.

கண் சிமிட்டினால் ஆழாக்குப் பயம். தோள் தூக்கிப்போட்டால் உழக்கு. 'அம்மா' என்று கத்தினால் படி. எழுந்து ஓடினவன் மரக்கால். டவுசரை நனைத்தவனுக்கு என்ன அளவு என்று ஒருநாள் பெரிய வழக்கே நடந்து, கலம் என்று தீர்ப்பாயிற்று. எல்லாம் சிலேட்டில் ஏறும். மறுநாள் பள்ளிக்கூடத்தில் "ஏய் மரக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள்.

அத்தை மகள் ஒருத்தி மட்டும் அசையவே மாட்டாள். வீராங்கனை என்று அவளைத் தூக்கிவைத்து ஆடினோம். அவளுக்குக் காதில் சீழ் வடிந்து சரியாகக் கேட்காது என்பது, டாக்டரிடம் காட்டிய பிறகுதான் வீட்டுக்கே தெரிந்தது.

அப்பத்தாவிடம் வேறொரு அளவை இருந்தது. பயந்து காய்ச்சல் கண்ட பிள்ளையை உப்பு, மிளகாய் வத்தல், முச்சந்தி மண்ணால் சுற்றி அடுப்பில் போடுவாள். நெடி வரவில்லையென்றால், "அம்புட்டுப் பயம் எம் புள்ளைக்கு." வீடே இருமினால், "போயிருச்சு பாத்தியா." எப்படிப் போனாலும் ஜெயிக்கிற சாஸ்திரம்.

அண்ணனுடையதை நிஜ ஆய்வுக்கூடத்திலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். கார்னி லேண்டிஸ், வில்லியம் ஹன்ட் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், உட்கார்ந்திருப்பவர் எதிர்பாராத நேரத்தில் துப்பாக்கியை வெடிக்கவைத்து, உடம்பு துணுக்குறுவதை அதிவேகக் கேமராவில் படம்பிடித்தார்கள். 1939இல் அது புத்தகமாகவும் வந்தது. அவர்கள் கண்டது: சத்தம் கேட்டதும் முதலில் இமை மூடுகிறது, பிறகு கழுத்து முன்னால் சாய, தோள் குறுகுகிறது. வெடிச்சத்தம் பழகப் பழக மற்றதெல்லாம் குறைந்தாலும் இமை லேசில் அடங்குவதில்லை. மூளைத்தண்டு தானாகச் செய்கிற அனிச்சை வேலை அது. பயப்படலாமா வேண்டாமா என்று மனசு யோசிப்பதற்குள் முடிந்துவிடும். தைரியசாலிக்கும் அது வரும், கோழைக்கும் வரும்.

ஆகவே அந்தச் சிலேட்டில் ஏறிய ஆழாக்கு அத்தனையும் தள்ளுபடி. உழக்கையும் சேர்த்துத்தான்.