பங்குனிச் சேறு

பறவை நோக்குதல் பற்றி வெளிநாட்டார் எழுதிய நூல்களில் வசந்தம் என்றால் வருகை. எண்ணூரில் அது புறப்பாடு. பங்குனி பிறந்ததும் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் பனிக்காலத்தைக் கழித்த உள்ளான்கள் வடக்கே போக ஆயத்தமாகும். முதலில் கிளம்பப்போவது எது என்று கண்டுபிடிப்பது சிரமமில்லை. ஐப்பசியிலிருந்து சாம்பல் நிறத்தில் திரிந்த வளைமூக்கு உள்ளானின் மார்பில் செங்கல் சிவப்பு திட்டுத் திட்டாக ஏறத் தொடங்கியிருக்கும். ஐம்பது, அறுபது கிராம்தான் எடை. வட சைபீரியா வரை பறக்க வேண்டிய கொழுப்பில் ஒரு பங்கை இந்தச் சேற்றுப் புழுக்களிலிருந்துதான் அது சேர்த்தாக வேண்டும்.

அந்தச் சிவப்பைப் பார்க்கத்தான் மார்ச் கடைசியில் தண்ணீர் வற்றும் காலை நேரமாகப் பார்த்துப் போயிருந்தேன். பாலத்தருகே தூண்டிலோடு நின்ற ஆண்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. பைனாகுலரோடு நின்ற எனக்கு ஒரு மணி நேரத்தில் நான்கு கேள்விகள். யாருக்காக நிற்கிறீர்கள், எந்தச் சேனல், தனியாகவா வந்தீர்கள், வீட்டில் தெரியுமா. பெண் வேலையாக நிற்கலாம், காத்து நிற்கலாம். சும்மா பார்த்துக்கொண்டு நிற்பதற்குத்தான் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள்வி கேட்காதவர்கள் தண்ணீருக்குள் இருந்தார்கள். இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள். வலை கிடையாது, படகு கிடையாது. பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறி. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். அதனால் கரையேறிய பிறகுதான் பேச்சு.

"இன்னாமா, உள்ளான் பாக்குறியா? செவப்பு ஏறிடுச்சின்னா போய்டும். சித்திரைல பாதி இருக்காது" என்றார் மூத்தவர் ஒருவர். நான் நூல்களைப் புரட்டித் தெரிந்துகொண்டது அது. என் பங்குக்கு ஒன்று சொன்னேன்: "அக்கா, அங்கே போய் முட்டையிட்டதும் ஆண் கிளம்பிடும். அடைகாத்து, குஞ்சை வளர்க்கிறதெல்லாம் பெண் மட்டும்தான். திரும்பி வர்றப்போவும் ஆண்தான் முதல்ல வரும்." அவர் சிரித்துவிட்டு, "அங்கயுமா?" என்றார். பிறகு சொன்னதைத்தான் குறிப்பேட்டில் எழுதினேன்: "உள்ளான் கொத்தாத சேத்துல நாங்களும் கை வெக்க மாட்டோம்."

அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய்கள் கசிந்து கசிந்து கழிமுகத்தின் ஒரு பகுதி மேடாகிவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து படிந்தது. இறகு கறுத்த கூழைக்கடாக்களின் படங்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன. அந்தப் பறவைகளுக்காக நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் அதே எண்ணெயில் கறுத்த கைகளின் படத்தை அந்த அளவுக்கு நான் பார்க்கவில்லை. மூன்று மாதம் கை அரித்தது என்று அந்த அக்கா சொல்லித்தான் தெரியும். அப்போது அரசு அறிவித்த நிவாரணம்: மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகைச் சீர்செய்ய 10,000, பாதிக்கப்பட்ட மற்றக் குடும்பங்களுக்கு 7,500. படகுக்குத் தனியாக ஒரு தொகை இருந்தது. கையைச் சீர்செய்ய எவ்வளவு என்று யார் கணக்குப் போடுவது?

கணக்கெடுப்புப் படிவங்களிலும் இதே கதைதான். பறவையின் பெயர், எண்ணிக்கை, நேரம், பார்த்தவர் பெயர். பத்து மணிக்குப் போய் எட்டிப் பார்ப்பவர் பார்த்தவர் ஆகிவிடுகிறார். ஆண்டு முழுவதும் அவற்றின் பக்கத்திலேயே குனிந்திருப்பவருக்கு அதில் கட்டம் இல்லை. அன்றைய பட்டியலில், குறிப்பு என்றிருந்த இடத்தில், சித்திரை பற்றி அக்கா சொன்னதைச் சேர்த்தேன்.

வளைமூக்கு உள்ளான் 23. அவற்றில் முழுச் சிவப்பு ஏறியவை மூன்று. கொசு உள்ளான் நூறுக்கு மேல். தண்ணீருக்குள் பெண்கள் ஒன்பது பேர். சாம்பல் மேட்டில் பறவையும் இல்லை, ஆளும் இல்லை.