அத்தாவின் கைக்கடிகாரமும் நான்கு கருவிகளும்



அத்தா வஃபாத்தான சில மாதங்களுக்குப் பிறகு, அம்மா ஒரு கைக்குட்டையைப் பிரித்து, அதிலிருந்த கைக்கடிகாரத்தை என்னிடம் தந்தார். அத்தா 1981இல் வாங்கிய எச்.எம்.டி. ஜனதா அது. ஃபஜ்ரு தொழுதுவிட்டு வந்ததும் அதற்குச் சாவி கொடுத்த பிறகே அவர் தேநீரைத் தொடுவார்.

அதன் தோல் வார் இற்றுப் போயிருந்தது. திருநின்றவூரில் எங்களுக்குப் பழக்கமான கடிகாரக்காரரோ கடையை மூடிவிட்டார். வார் மாற்றுவது என்ன பெரிய வேலை என்று எண்ணி, காய்கறிக் கத்தியின் நுனியால் வாரைப் பிடித்திருந்த ஸ்பிரிங் ஊசியை நெம்பினேன். கத்தி வழுக்கிற்று. உறையின் ஓரத்தில் ஆழமாக ஒரு கீறல் விழுந்தது. ஊசி துள்ளிக் கட்டிலுக்கு அடியில் எங்கோ மறைந்தது. அம்மா கடிதலாக ஒன்றும் சொல்லவில்லை. “உங்க அத்தா முப்பது வருஷத்துக்கு மேல கட்டினாருப்பா. ஒரு கீறல் பட்டதில்லை” என்றார். அந்தச் சொல் என்னை உறங்க விடவில்லை.

அடுத்த சனிக்கிழமை மின்சார ரயில் ஏறி மூர் மார்க்கெட் நிலையத்தில் இறங்கி, பாரிமுனையில் கடிகார உதிரிபாகம் விற்கும் கடை ஒன்றைத் தேடிச் சென்றேன். ஒரே பெட்டிக்குள் பற்பல கருவிகள் அடுக்கியிருந்ததைக் கண்டு அதையே கேட்டேன். கடைக்காரப் பெரியவர் அதை எடுக்கவில்லை. “வீட்டில என்னென்ன வேலை செய்யப் போறீங்க, பாய்?” என்று கேட்டார். வார் மாற்றுவதும் பேட்டரி மாற்றுவதும்தான் என்றேன். “அப்போ நாலு சாமான் போதும். பெட்டியில இருக்கிற இரும்பு மட்டம்” என்றார். எந்தக் கருவி வேண்டும் என்பதைச் செய்யப்போகும் வேலைதான் தீர்மானிக்க வேண்டும் என்பதை அன்று கற்றேன்.

முதலாவது, ஸ்பிரிங் ஊசியைக் கழற்றும் கருவி. அதன் ஒரு முனை சிறு கவை போன்றது; ஊசியின் விளிம்பைப் பற்றி உள்ளே தள்ளும். மறுமுனை கூரானது. மாற்று ஊசி வாங்குமுன் வார் பொருந்தும் இடைவெளியை அளந்துகொள்ள வேண்டும். 18 மில்லிமீட்டர் இடைவெளிக்கு 18 அளவு ஊசியே பொருந்தும்.

இரண்டாவது, 0.8 முதல் 1.6 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள சிறு திருப்புளிகள். முனை, திருகின் பள்ளத்தை முழுதும் நிரப்ப வேண்டும். குறுகிய முனை பள்ளத்தின் ஓரத்தைத் தின்றுவிடும். அகன்ற முனை சுற்றியுள்ள உலோகத்தைக் கீறும்.

மூன்றாவது, கண்ணில் பொருத்தும் லென்ஸும் பிளாஸ்டிக் முனையுள்ள சாமணமும். உலோகச் சாமணம் பேட்டரியின் இரு முகங்களையும் ஒருசேரத் தொட்டால் மின்சுற்று குறுகி, பேட்டரி வீணாகும்.

நான்காவது, பின்மூடியைத் திறக்கும் கத்தி. லென்ஸ் வழியே பார்த்தால் மூடியின் ஓரத்தில் நெம்புவதற்கான சிறு பள்ளம் தெரியும். அங்கு மட்டுமே முனையை வைக்க வேண்டும். சுற்றிலும் வெட்டுகள் இருந்தால் அது திருகு மூடி. கத்தியால் தொடவே கூடாது.

பேட்டரியில் சிக்கனம் பார்க்காதீர்கள். பல குவார்ட்ஸ் கடிகாரங்களில் இருக்கும் எஸ்.ஆர். 626 வகை, 1.55 வோல்ட் தரும் சில்வர் ஆக்சைடு பேட்டரி. அதே அளவில் கிடைக்கும் மலிவான அல்கலைன் பேட்டரியின் மின்னழுத்தம் படிப்படியாகக் குறையும்; நாளடைவில் கசிந்து உள்ளுறுப்புகளையும் அரிக்கக்கூடும். மூடும்போது ரப்பர் வளையம் தன் பள்ளத்தில் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எப்படியும், ஒருமுறை திறந்த கடிகாரத்தை உளூ செய்யும்போது கழற்றி வைப்பதே நல்லது.

இதற்கு அப்பால் என் கை போவதில்லை. ஜனதாவின் உள்ளே 17 கற்கள். அதன் சமநிலைச் சக்கரம் மணிக்கு 18,000 முறை துடிக்கிறது. எண்ணெய் மாற்றுவதும் சுருளைத் தொடுவதும் கற்றவர்களின் வேலை. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூட 2016இல் அரசு முடிவு செய்தது. நாம் அவசரத்தில் உடைக்கும் பாகத்திற்கு மாற்று கிடைப்பது இனி எளிதன்று. ஆகவே அதை ஆவடியில் உள்ள முதியவர் ஒருவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்து வாங்கினேன்.

தொழுகை நேரத்தைக் கணிப்பதையே பணியாகக் கொண்ட முவக்கித்துகள் நம் முன்னோரில் இருந்தனர். டமாஸ்கஸ் உமய்யா பள்ளிவாசலில் அப்பணி செய்த இப்னு ஷாத்திர், 1371ஆம் ஆண்டளவில் அதற்கென ஒரு சூரியக் கடிகாரம் அமைத்தார். நேரமும் அதைக் காட்டும் பொருளும் அவர்களுக்கு அமானிதமாக இருந்தன. நானோ ஒரு காய்கறிக் கத்தியோடு அமர்ந்தேன்.

புது வார் மாட்டிய அன்று அம்மா கடிகாரத்தைக் காதருகே வைத்து நெடுநேரம் கேட்டார். கீறல் அப்படியே இருக்கிறது. ஃபஜ்ருக்குப் பின் சாவி கொடுக்கும்போதெல்லாம் அது என் விரலில் படுகிறது.

நம் கைக்கு வந்த அமானிதங்களைப் பேணும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.