நந்தனத்துக் கொட்டகையில் ஒரு ஹெரால்டு

சென்னையின் அண்ணா சாலையை முதியவர்கள் இன்றும் மவுண்ட் ரோடு என்றே அழைக்கின்றனர். புனித தோமையாரின் மலைக்குச் செல்லும் சாலை என்பதே அப்பெயரின் பொருள். அவ்வழியில் அடையாற்றைக் கடப்பதற்கு 1726-ஆம் ஆண்டில் மர்மலாங் பாலத்தைத் தம் சொந்தப் பொருளைக் கொண்டு கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். மலையுச்சிக்கு ஏறும் படிகளை அமைத்துத் தந்தவரும் அவரே. திருப்பயணிகள் கால்நடையாகச் சென்ற அந்த வழிதான் பின்னாளில் சென்னையின் கார் வணிகத்துக்கும் தாயகமாயிற்று. 1903-இல் சிம்சன் நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியால் ஓடும் காரொன்றை இந்நகரில் உருவாக்கியதை இன்றும் பெருமையோடு நினைவுகூர்கின்றனர்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகலில், இச்சாலையின் மீதுள்ள நந்தனத்துக்கு நாம் சென்றிருந்தோம். 2018-இல் திறக்கப்பட்ட மெட்ரோ நிலையத்தின் படிகளில் ஏறி வெளியே வந்தால் வாகனங்களின் இரைச்சல் காதை அடைக்கிறது. ஒரு புறம் தியாகராய நகரை நோக்கி வெங்கடநாராயணா சாலை பிரிகிறது. மறுபுறத்தில், 1920-இல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியின் மைதானமும் மரங்களும் கண்ணுக்குக் குளிர்ச்சி தருகின்றன. உட்தெருக்களில் நடந்தால், முன்புறம் வேப்பமரமும் பக்கவாட்டில் கார் கொட்டகையுமாக நின்ற தனி வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடிகளாக மாறி வருவதைக் காணலாம். எஞ்சியிருக்கும் சில வீடுகளுள் ஒன்றையே நாம் தேடிச் சென்றோம்.

கொட்டகையில் நான்கு இரும்புத் தாங்கிகளின் மீது, 1969-இல் பதிவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று சக்கரங்களின்றி நின்றது. அதனடியிலிருந்து முதலில் இரு பாதங்கள் வெளிப்பட்டன. பின்னர் கையில் ஸ்பேனருடன் இருபத்துநான்கு வயதுப் பெண்ணொருத்தி எழுந்து வந்தாள். “வாருங்கள். கைகூப்ப முடியவில்லை, எல்லாம் கிரீஸ்” என்று சிரித்தாள்.

ஹெரால்டு நம் சென்னையில் பிறந்த கார். இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த அதன் உருவத்தை வரைந்தவர் மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் அதனை 1961 முதல் பத்தாண்டுகள் இங்கே தயாரித்தது. 948 சி.சி. கொள்ளளவுள்ள சிறிய எஞ்சின். அம்பாசடருக்கும் பியட்டுக்கும் இடையே நடுத்தரக் குடும்பங்களுக்குக் கிடைத்த மூன்றாவது வழி. அதன் பானெட் முழுவதும், இருபக்க மட்கார்டுகளுடன், முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். எஞ்சினைச் சுற்றி நின்று வேலை செய்யலாம். உடற்பகுதியோ தனிச் சேஸியின் மீது போல்ட்டுகளால் பூட்டப்பட்டது. முதன்முறை கருவியெடுக்கும் ஒருவருக்கு இதைவிட இணக்கமான வண்டி அரிது.

இக்காரை வாங்கியவர் அப்பெண்ணின் தாத்தா. இருபதாண்டுகளுக்கும் மேலாக ஓடாமல் கிடந்த வண்டி, 2019-இல் அவர் இறந்தபின் யாருக்கும் வேண்டாததாயிற்று. காயலான் கடைக்கு எடைக்குப் போட்டுவிடலாம் என்று உறவினர்கள் முடிவு செய்தனர். கணக்குத் தணிக்கை அலுவலகமொன்றில் பணியாற்றும் இப்பெண், “ஓராண்டு தவணை கொடுங்கள், பெரியப்பா” என்று கேட்டு வாங்கினாள். அன்றுவரை அவள் ஸ்குரூடிரைவரைத் தவிர வேறு கருவி எதையும் தொட்டதில்லை.

பெண்ணுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்டவர்கள் பலர். அவர்களுக்கு ஒரு செய்தி கூறலாம். 1888-இல் தம் இரு மகன்களுடன் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை காரோட்டி, உலகின் முதல் நெடும்பயணத்தை முடித்தவர் பெர்த்தா பென்ஸ் என்னும் பெண்மணி. எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி அவரே சரிசெய்தார். காரின் வரலாற்றில் முதல் வழிப்பழுதைப் பார்த்த கைகளுள் ஒரு பெண்ணின் கைகளும் உண்டு!

ஆயினும் இவளுடைய தொடக்கம் எளிதாயிருக்கவில்லை. முதலில் வந்த பட்டறைக்காரர் ஒருவர், தரையில் துருவேறிய இடங்களில் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்துத் தந்தார். கார் பளபளத்தது. வீட்டார் மகிழ்ந்தனர். சில வாரங்கள் கழித்துப் புதுப்பேட்டையில் உதிரிப்பாகம் தேடிச் சென்றபோது அவளுக்கு ஒரு முதிய மெக்கானிக் அறிமுகமானார். அனைவரும் அவரைப் ‘பாய்’ என்றே அழைக்கின்றனர். வந்து பார்த்த அவர் ஒன்றும் பேசாமல் ஸ்குரூடிரைவரின் முனையால் தரையை அழுத்தினார். அது பட்டியைத் துளைத்துக்கொண்டு மறுபுறம் இறங்கிவிட்டது. “மூடினால் துரு போய்விடாது, பாப்பா. உள்ளேயே தின்றுகொண்டிருக்கும். வெட்டித்தான் எடுக்க வேண்டும்” என்றார்.

அன்று இரவு அவள் அழுததாகப் பாட்டி நம்மிடம் கூறினார். மறுநாள் எல்லாவற்றையும் மீண்டும் தொடங்கினாள். ஒவ்வொரு போல்ட்டும் பெயரெழுதிய உறைக்குள் சென்றது. கழற்றும் முன் ஒவ்வொரு பகுதியும் படம் பிடிக்கப்பட்டது. பட்டி சுரண்டப்பட்டது, அரித்த தகடு நல்ல உலோகம் தெரியும்வரை வெட்டப்பட்டுப் புதுத்தகடு வெல்டிங் செய்யப்பட்டது. இறுகிப்போன எஞ்சினை வலுவில் சுழற்றினால் பிஸ்டன் வளையங்கள் ஒடியும் என்பதால், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி எண்ணெய் ஊற்றிப் பதினொரு நாள்கள் காத்திருந்தாள். பன்னிரண்டாம் நாள் அது கையால் அசைந்தது. துருப்பிடித்த பெட்ரோல் டாங்கும், வறண்டு வெடித்த பிரேக் ரப்பர்களும் அதன் பின்னரே கவனிக்கப்பட்டன.

பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு அருகே நின்று நம் உள்ளத்தை ஆராயும் வேளையில், பாய் சொன்ன சொல் நமக்கு நினைவுக்கு வராமலிராது.

எண்பத்துநான்கு வயதான பாட்டிக்கு வேறொரு கவலை இருந்தது. துருவும் பூச்சியும் அழிக்கும் செல்வத்தை மண்ணுலகில் சேர்க்க வேண்டாம் என்று ஆண்டவர் கற்பித்திருக்க, துருப்பிடித்த பொருளுக்கே இத்தனை பணமா என்று அவர் பேத்தியைக் கேட்டார். நேர்மையான கேள்வி. அவளும் மழுப்பவில்லை. தவணையில் புதுக்கார் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டு, மாதந்தோறும் ஒரு வரம்புக்குள் மட்டுமே செலவிடுவதாகக் கணக்கேட்டைக் காட்டினாள். அதில் வெல்டர், இருக்கை தைப்பவர், பாய் ஆகியோரின் கூலியே பெரும்பகுதி. பழுதுபார்க்கும் பணம் பெரும்பாலும் உழைக்கும் கைகளுக்கே போகிறது. பழுதானதைத் தூக்கியெறியும் பண்பாட்டைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில் கண்டித்ததையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். பாட்டி முழுதும் உடன்பட்டாரா என்பது நமக்குத் தெரியவில்லை. ஆனால் அடுத்த வாரம் முதல் பாய்க்கும் சேர்த்துத் தேநீர் போட்டார்.

பெயிண்டுக்கு முந்திய நாள் பின்புற இடது மட்கார்டில் ஒரு பள்ளம் இருப்பதைப் பாய் காட்டினார். தட்டி நேராக்கிவிடலாம் என்றார். 1973-இல் ஒரு நள்ளிரவில் பாட்டிக்குப் பிரசவ வேதனை கண்டபோது, தாத்தா பதற்றத்தில் தம் வீட்டு வாயில் தூணிலேயே மோதியதால் உண்டானது அது. அன்று பிறந்தவரே இப்பெண்ணின் தந்தை.

“துருவையெல்லாம் எடுத்துவிடு, அம்மா. அது மட்டும் இருக்கட்டும்” என்றார் பாட்டி.

பள்ளம் அப்படியே இருக்கிறது. உயிர்த்த ஆண்டவரின் மாட்சியுற்ற உடலிலும் காயங்களின் தழும்புகள் நீங்கவில்லை; அவற்றைக் கண்டே தோமையார் விசுவசித்தார். சீராக்குதல் வேறு, நடந்ததை அழித்தல் வேறு என்பதை அம்மலைக்குச் செல்லும் சாலையோரத்தில் ஒரு கார் நமக்குச் சொல்லியது.

ஐம்பதாண்டு கடந்த வாகனங்களைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதி வகுத்தது. அசல் உருவம் மாறாதிருக்க வேண்டும், புதுப்பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், பத்தாண்டு செல்லும். ஆனால் அவ்வாறு பதிவான வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கன்றி அன்றாடம் ஓட்ட இயலாது. எனவே இக்குடும்பத்தார் வழக்கமான பதிவையே பாட்டியின் பெயருக்கு மாற்றிப் புதுப்பிக்க விண்ணப்பித்துள்ளனர். இனித் தகுதிச் சோதனையில் தேற வேண்டும்.

நாம் விடைபெறும்முன் அவள் எஞ்சினை இயக்கிக் காட்டினாள். இருமுறை இருமியது, மூன்றாம் முறை நின்று ஒலித்தது. பாட்டி வாயிற்படியில் அமர்ந்து செபமாலையைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். எதிர்நோக்கும் அன்னையின் பெயரால் விளங்கும் மலைக்கோவிலின் திருநாள் டிசம்பர் 18. அன்று அதே காரில், அதே முன்னிருக்கையில் மலைக்குச் செல்ல வேண்டும் என்பது அவர் ஆசை. கார் இன்னும் வாயிலைத் தாண்டவில்லை. அந்தத் தூணைக் கவனமாகப் பார்த்து ஓட்டும்படி இப்போதே பேத்தியிடம் சொல்லி வைத்திருக்கிறார்.