முன் சீட்டில் நடு இடம்

மஸ்தா என்றால் ஆண்டிமடத்துப் பிள்ளைகளான எங்களுக்கு ஸ்வராஜ் மஸ்தாதான். கல்யாணத்துக்கு ஆள் ஏற்றிவரும் டீசல் வேன். அதே மஸ்தா, பிஸ்டனே இல்லாத ரோட்டரி என்ஜினை வைத்து 1991இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்தது என்பதெல்லாம் சிட்னிக்கு வந்த பிறகு கேள்விப்பட்டது. இந்த ஊரின் மேற்குப் பகுதியில் ரோட்டரி பைத்தியங்கள் அதிகம். அந்தக் கூட்டத்தில் இப்போது நானும் ஒருவன். பழைய மஸ்தா ஆர்எக்ஸ்-7 ஒன்று கொட்டகையில் பிரித்தபடி கிடக்கிறது.

அதன் 12ஏ என்ஜினை இறக்கிவிட்டு 13பி டர்போவை ஏற்றுகிறேன். பழைய கியர் பாக்ஸ் அந்த இழுவைக்குத் தாங்காது. அமெரிக்க வி8 கார்களின் ஆறு கியர் டி56 போடு என்கிறான் ஒரு நண்பன். பலம் சரி, எடை? டொயோட்டா சுப்ராவின் டபிள்யூ58 மலிவு. ஆனால் என்ஜினோடு பொருத்தத் தனியாக அடாப்டர் பிளேட் வேண்டும். இரண்டாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 டர்போவின் கியர் பெட்டி என்றால் பெல் ஹவுசிங் அப்படியே உட்காரும். ரோட்டரிக்குக் கீழே இழுவை குறைவு, உயிரெல்லாம் மேல் சுற்றில். கியருக்குக் கியர் இடைவெளி அகலமாக இருந்தால், மாற்றும்போது சுற்று விழுந்து வண்டி சோர்ந்துவிடும். அந்தக் கணக்கிலும் மஸ்தாவின் பெட்டியே தேவலாம்.

பெரியப்பாவின் வாடகை அம்பாசடர் ரோட்டரிக்கு நேரெதிர். 1489 சிசி பெட்ரோல் என்ஜின், டாப் கியரில் போட்டுவிட்டால் முந்திரிக் காட்டுச் சாலையில் மாட்டுவண்டிக்குப் பின்னாலும் முனகாமல் ஊர்ந்து வரும். கியர் கம்பி ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம். நான்கு கியர்; முதல் கியருக்கு சின்க்ரோ கிடையாது, வண்டி நின்றால்தான் விழும். சில நாள் லிங்க் சிக்கிக்கொள்ளும். பெரியப்பா இறங்கி பானெட்டைத் தூக்கி, உள்ளே கைவிட்டு ஒரு இழு இழுத்துவிட்டு வந்து உட்காருவார். சவாரி வந்தவர்கள் அதற்குள் வெற்றிலை போட்டு முடித்திருப்பார்கள்.

தரையில் கியர் இல்லாததால் முன்சீட்டு ஒரே பலகையாக இருந்தது. அதன் நடு இடம் என்னுடையது. விருத்தாசலத்துக்குப் பெண் பார்க்கப் போனாலும் ஜெயங்கொண்டத்துக்குப் பிரசவத்துக்கு ஓடினாலும் அங்கேதான் இருப்பேன். இரண்டாவதுக்குக் கம்பி இறங்கும்போது பெரியப்பாவின் முழங்கை என் தோளில் இடிக்கும். பெட்ரோலும் விபூதியும் கலந்த வாசனை அவர் சட்டையில்.

பிறகு எல்லாரும் செய்ததை அவரும் செய்தார். சென்னை புதுப்பேட்டையிலிருந்து, அடிபட்ட கான்டெஸா ஒன்றின் இசுசு என்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் வந்து இறங்கின. தரையை வெட்டினார்கள், புரப்பல்லர் ஷாஃப்டை லேத்தில் கொடுத்து அறுத்து ஒட்டினார்கள். புத்திசாலித்தனமான வேலை, இன்றும் அப்படித்தான் சொல்வேன். வண்டி பறந்தது, டாக்ஸிக்காரர்கள் பொறாமைப்பட்டார்கள். சீட்டுக்கு நடுவே கியர் கம்பி முளைத்தது. நான் பின்சீட்டுக்குப் போனேன், ஜன்னலோரம்கூடக் கிடைக்காமல்.

போன வாரம் போனில் என் ஆர்எக்ஸ்-7இன் பெட்டிக் கதையைச் சொன்னபோது அவர் பொறுமையாகக் கேட்டார். டர்போ, சுற்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு, "முன்னாடி எத்தனை பேரு தம்பி ஒக்காரலாம்?" என்றார்.

"ரெண்டு பேருதான் பெரியப்பா."

"அப்ப பழசே பரவால்லியே."

மஸ்தாவின் பெட்டிக்கே சொல்லிவிட்டேன். அதைத் தாங்கும் குறுக்குக் கட்டையைப் புதிதாகச் செய்ய வேண்டும், ஷாஃப்டின் நீளத்தையும் மாற்ற வேண்டும். இங்கே பட்டறைக்காரர் அளவை மின்னஞ்சலில் கேட்கிறார், வண்டியைப் பார்க்கவே இல்லை. ஜெயங்கொண்டத்து லேத்காரர் வண்டிக்கடியில் படுத்து, சாக்பீஸால் ஷாஃப்டில் ஒரு கோடு போட்டு, "டீ சாப்பிட்டு வாங்க" என்பார்.