அடித்த வரி

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த தமிழாசிரியர் ஒருவர், தாளின் ஓரத்தில் ‘அலட்சியமான மாணவன்’ என்று எழுதினார். சற்று நேரம் அதையே நோக்கியிருந்தார்; பின்னர் அவ்வரியை அடித்துவிட்டு, ‘அலட்சியமாக எழுதியுள்ளான்’ என மாற்றினார்.

அலட்சியம் என்னும் சொல் மாறவில்லை. அதன் ஈறே மாறியது. ‘ஆன’ என முடிந்தபோது அது பெயரடை; மாணவனின் இயல்பையே குறை கூறியது. ‘ஆக’ என முடிந்தபோது அது வினையடை. அவன் எழுதிய முறையை மட்டும் சுட்டியது.

தொல்காப்பியர் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நான்காகப் பகுத்தார். வினையடையைத் தனி வகையாக்கவில்லை. ‘நனி’, ‘தவ’ போன்ற உரிச்சொற்கள் மிகுதிப் பொருளைத் தந்து, பெயருக்கும் வினைக்கும் அடையாகும். ‘ஓடி வந்தான்’ என்பதில் ‘ஓடி’ வினையெச்சம். ஓடுதலும் ஒரு செயலே. ‘விரைவாக வந்தான்’ என்பதிலோ செயல் ஒன்றே. விரைவு அச்செயலின் தன்மை.

பெயரடை ஆளைப் பற்றிக்கொள்கிறது. வினையடை செயலோடு நின்றுவிடுகிறது. செயலைத் திருத்திக்கொள்ள இயலும் அன்றோ?

அடித்த வரி மைக்கு அடியில் மங்கலாகத் தெரிந்தது. இரண்டையும் படித்த மாணவன், மறுநாள் அதே விடையை நிதானமாக எழுதி வந்தான்.