புளி உடைக்கிற திண்ணை

ஒகேனக்கல் போகிறவர்களுக்குப் பென்னாகரம் என்பது பஸ் ஐந்து நிமிஷம் நிற்கிற ஊர். டிரைவர் டீ குடிப்பார்; நீங்கள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி வெள்ளரிப் பிஞ்சு வாங்குவீர்கள்; பஸ் கிளம்பிவிடும். இன்னும் பதினாறு கிலோமீட்டரில் அருவி இருக்கும்போது இங்கே இறங்க யாருக்கு மனசு வரும்? ஆனாலும் சித்திரை, வைகாசியில் போகிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: ஒரு நாளாவது இறங்கித் தங்கிப் பாருங்கள். இந்தச் சுற்றுப்பட்டுக் கிராமங்களில் பல வீடுகளில் புருஷன், பெண்சாதி, குழந்தை, பாட்டி என்று எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற நாட்கள் அவைதான்.

மற்ற நாட்களில் ஆண்கள் எங்கே என்கிறீர்களா? பெங்களூரில். கட்டட வேலையில். திருப்பூருக்குப் போகிறவர்களும் உண்டு.

காவிரி பக்கத்திலேயே ஓடும்போது இவர்கள் ஏன் பிழைப்புக்கு வெளியூர் போக வேண்டும் என்று எனக்கும் தோன்றியது. காவிரி இங்கே பாறைப் பள்ளத்தில் ஓடுகிறது. மேட்டு நிலத்துக்கு ஏறி வருவதில்லை. நேரே போய் 1934-இல் திறந்த மேட்டூர் அணையில் விழுந்து, தஞ்சாவூர் வயல்களுக்குப் பாய்கிறது. பென்னாகரத்து நிலமோ பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. கேழ்வரகு, சாமை, கொள்ளு, நிலக்கடலை. மழை ஏமாற்றினால் அதுவும் இல்லை. குடிக்கிற தண்ணீருக்கே ஆழ்குழாய்க் கிணற்றை நம்பியிருந்தார்கள். அதில் புளோரைடு மிகுதி. குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை படியும், வயதானால் எலும்பையே அது பாதிக்கும். ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிய பிறகுதான் காவிரி ஒரு வழியாகக் குழாய் ஏறி வீட்டுக்கு வந்தது. குடிக்க வந்தது, உழுவதற்கு வரவில்லை.

கோடையில் இந்தப் பக்கத்துத் திண்ணைகளில் நடக்கிற வேலை ஒன்று உண்டு. புளி உடைப்பது. சாலையோர மரங்களிலிருந்து உலுக்கிய புளி கூடை கூடையாக வந்து இறங்கும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஓட்டைத் தட்டி நீக்கி, நாரை உருவி, கொட்டையை எடுத்துப் போடுவார்கள். கூலி, கிலோக் கணக்கு. கொட்டையும் வீண்போகாது, அதை அரைத்த மாவு நெசவாலைகளுக்குக் கஞ்சியாகப் போகிறது. நாம் ரசத்துக்கு ஒரு எலுமிச்சை அளவு கரைக்கிறோமே, அதற்குள் எத்தனை விரல்களின் எரிச்சல் இருக்கிறது என்று அங்கே உட்கார்ந்தால் தெரியும். அரை மணி நேரம் உடைத்துப் பார்த்தேன். நகக்கண் மறுநாள் வரை எரிந்தது.

அப்படி ஒரு திண்ணையில் என் பக்கத்தில் இருந்தவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். புருஷன் பெங்களூரில் சென்டரிங் வேலை. சித்திரைத் திருவிழாவுக்கு வந்தவன் இன்னும் பத்து நாளில் திரும்ப வேண்டும். அன்று அவனும் கூட உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தான். பெண்கள் கேலி செய்தார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"மாமா, இந்த வாட்டி நாங்களும் வந்துடறோம்."

"எங்கே புள்ளே இருப்பே? தகர ஷெட்டு. ராத்திரி லாரி வந்தா எந்திரிச்சுப் போய் இறக்கணும்."

"மேஸ்திரி பொண்டாட்டி இருக்கலையா?"

"அவளுக்குக் குழந்தை இல்லை. பாப்பா ஒண்ணாங்கிளாசு சேரணுமில்லே? அங்கே கன்னடம்."

மாமியார் தலை நிமிராமல், "ரெண்டு பேரும் போங்க. மாட்டை நான் பாத்துக்கறேன்" என்றாள். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

பட்டணத்தில் இருக்கிற நாம் இதற்குச் சட்டென்று தீர்ப்புச் சொல்லிவிடுவோம். 'புருஷனோடு போக வேண்டியதுதானே?' என்பார் ஒருவர். 'குழந்தை படிப்பைக் கெடுக்கலாமா?' என்பார் இன்னொருவர். குடும்பத்தோடு போய், பிள்ளையின் பள்ளிக்கூடம் பாதியில் நின்றுபோன கதையையும் அந்தத் திண்ணையிலேயே கேட்டேன். தனியாக இருந்து, வாரத்துக்கு ஒருமுறை போனில் மட்டும் வாழ்ந்த கதையையும் கேட்டேன். அவள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒன்று போகும். எனக்கென்னவோ, அந்த மாமியாரின் குரலைக் கேட்ட பிறகு யோசனை சொல்ல நாக்கு எழவில்லை.

அந்த வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. கேழ்வரகுக் களி, தட்டைப்பயறுக் குழம்பு. கொதிக்கிற நொய்க் கஞ்சியில் மாவைக் கொட்டித் துடுப்பால் கிண்டுவதற்குத் தோளில் வலு வேண்டும். அந்தப் பத்து நாளும் கிண்டினவன் அவன்தான். பிறகு மாம்பழம். கிளி மூக்குப் போல் வளைந்த காய்க்கு இங்கே 'பெங்களூரா' என்று பெயர். "மாங்காய் கூட அந்த ஊர்ப் பேரைத்தான் வெச்சுக்குது" என்றாள் அவள்.

ஒரு நாள் குடும்பத்தோடு அருவிக்குப் போனார்கள், நானும் ஒட்டிக்கொண்டேன். கன்னடத்தில் ஹொகே என்றால் புகை, கல் என்றால் பாறை, புகைகிற பாறை. கோடையில் தண்ணீர் குறைவுதான், ஆனால் பரிசல் ஏற அதுவே நல்ல காலம். ஆடியில் கர்நாடகத்தில் கபினியும் கிருஷ்ணராஜ சாகரமும் நிரம்பித் திறந்துவிட்டால் இங்கே வெள்ளம் புரளும். பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போட்டுவிடுவார்கள். மூங்கில் பின்னிய வட்டப் பரிசலை ஓட்டுகிறவர் நடு ஆற்றில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். பாப்பா அப்பாவின் சட்டையைப் பிடித்தவள், கரை ஏறிய பிறகும் விடவில்லை. கரையில் மீன் வாங்கிக் கொடுத்தால் அங்கேயே பெண்கள் மசாலா தடவி வறுத்துத் தருகிறார்கள். நீங்கள் போனால் விலையைப் பேசிக்கொண்டு கொடுங்கள்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு நாலு நாள் முன்னால் அவன் கிளம்பினான், தனியாக. ராத்திரி முழுக்க அவள் பையைக் கட்டினாள்: கேழ்வரகு மாவு, வறுத்த கொள்ளு, துவைத்த இரண்டு லுங்கி, அவள் கையால் உடைத்த புளி இரண்டு கிலோ. "ஆடிப் பதினெட்டுக்கு வந்துடறேன்" என்றான் அவன்.

"இத்தனை புளி எதுக்கு?" என்று பஸ்ஸில் ஏறும்போது கேட்டான்.

"தீர்ந்ததும் போன் பண்ணுங்க" என்றாள்.